கழுவிய காசுகள்

அன்புள்ள லென்ஸ் அண்ணனுக்கு,

உங்கள் பழைய நண்பரின் மனைவி எழுதுகிறேன். அவர் உங்களுக்கு வைத்த பெயரையே சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன், கோபிக்க வேண்டாம். ஒன்பது வருஷமாக எட்டிப் பார்க்காதவளுக்கு இப்போது என்ன உறவு என்று கேட்பீர்கள். கேளுங்கள், படித்து முடித்துவிட்டுக் கேளுங்கள். அண்ணிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததாகக் கேள்விப்பட்டேன், சந்தோஷம். இங்கே நலமில்லை.

அவருக்கு மூன்று மாதம் முன்பு பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது. முப்பது வருஷம் பஸ்ஸில் தொண்டை கிழியக் கத்தி டிக்கெட் கொடுத்த மனுஷர், தண்ணீர் வேண்டுமென்றால் கையைக் காட்டுகிறார். ஆனாலும் தேறித்தான் வந்தார். வீட்டுக்கு வந்ததும் முழுசாகச் சொன்ன முதல் வார்த்தை 'பெட்டி'. என் பெயர் இல்லை, அந்த நாணயப் பெட்டி. எனக்கு வயிறு எரிந்தாலும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி கெட்டுப் போனேன். காசுகளெல்லாம் மங்கிப்போய்க் கிடந்தன. பளபளவென்று காட்டினால் மகிழ்ந்துபோவார் என்று நினைத்து, சீல் வைத்த உறைகளையெல்லாம் கத்தரித்து, நாணயச்சாலை வருஷாவருஷம் விடும் செட்டு, நினைவு நாணயம் என்று ஒன்று விடாமல் எலுமிச்சைச் சாறும் பாத்திரப் பொடியும் போட்டுத் தேய்த்தேன். இரண்டு நாள் வேலை. "ஓரத்தைப் பிடி, முகத்துல விரல் படக் கூடாது" என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். நான் கீழே போட்டுவிடுவேனென்று பயப்படுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

முதல் காசை இடது கையில் வாங்கிப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். கட்டிலில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்றோடு பதினோரு நாள். ஸ்பூனில் கஞ்சியைக் கொண்டுபோனால் வாயைத் திறப்பதில்லை, தண்ணீர் மட்டும் இரண்டு மடக்கு இறங்குகிறது. மூக்கில் குழாய் வைத்தார்கள், பிடுங்கிப் போட்டார். இப்படியே போனால் ஒரு வாரம் தாங்குவது கஷ்டம் என்கிறார் டாக்டர். காலைப் பிடித்து அழுதேன், திட்டியும் பார்த்தேன். அசையவில்லை. நாணயக் கடைக்காரரைக் கேட்டேன். "கழுவின காசு வெறும் சில்லறைம்மா" என்று சொல்லிவிட்டார். நாற்பது வருஷத்தை இரண்டு நாளில் சில்லறையாக்கிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கழுவுவதற்காகப் பெட்டியின் வெல்வெட் துணியைத் தூக்கியபோது அடியில் அந்தக் கப்பல் போட்ட வெள்ளி நாணயம் கிடந்தது. நீங்கள் எடுத்துவிட்டீர்கள் என்று கண்காட்சியில் அத்தனை பேர் நடுவே உங்களைத் திருடன் என்றாரே, அதேதான். அன்றைக்கே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அவரிடமும் சொல்லவில்லை.

இப்போது கேட்கப்போவதை எந்த முகத்தோடு கேட்பதென்று தெரியவில்லை. வருஷாவருஷம் ஒரே கவுண்டரில் இரண்டு பேரும் ஒன்றாக நின்று வாங்கியவைதானே. அவரிடம் இருந்த செட்டெல்லாம் உங்களிடமும் இருக்கும். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு இங்கே வாருங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ ஆஸ்பத்திரில கிடந்தப்போ உன் செட்டையெல்லாம் நான்தான்டா மாத்தி எடுத்துட்டுப் போனேன், அவ கழுவினது நான் வச்ச சாதாக் காசு" என்று சொல்லுங்கள். நான் சொன்னால் நம்ப மாட்டார். நீங்கள் சொன்னால் நம்புவார். உங்களைத் திருடனென்று நம்பாத நாள் ஒன்று கூட இந்த ஒன்பது வருஷத்தில் இல்லை.

செட்டைக் கண்ணில் காட்டிவிட்டுத் திரும்பப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கொடுத்துவிடாதீர்கள் அண்ணா. கொடுத்தால் அதைக் கட்டிக்கொண்டு மறுபடியும் படுத்துவிடுவார். உங்களிடமிருந்து பிடுங்க வேண்டுமென்றால்தான் எழுந்திருப்பார்.

திருடாதவரை வரவழைத்துத் திருடினேன் என்று சொல்லச் சொல்கிறேன். பெரிய பாவம்தான். அவர் எழுந்து நடக்கட்டும், கப்பல் காசைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் நானே சொல்கிறேன். வெளியே போ என்றால் போகிறேன். காலை ரயிலைப் பிடித்தால் சாயங்காலம் வந்துவிடலாம்.

நீங்கள் பிள்ளை குட்டிகளோடு நன்றாக இருக்க வேண்டும் அண்ணா. அவரும் இருக்க வேண்டும். உங்களைத் திட்டிக்கொண்டாவது இருக்க வேண்டும்.

வெட்கத்தை விட்டுக் கேட்கும்,
உங்கள் தங்கச்சி