காய்ச்சலுக்குப் பால்

நவம்பர் 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பத்திரிகைக்கு எழுதும் சின்னாளப்பட்டி நூல் விலைச் செய்தி பாதியில். டான்சானியாவிலிருந்து மகள் நந்தினி போன். மாப்பிள்ளைக்கு அங்கே போர்வெல் வண்டியில் வேலை; ஒரு கிராமத்தை ஒட்டி வீடு. பேத்தி மகிழுக்குக் காய்ச்சல். நான்கு வயது.

"சளிதான்ப்பா. கொசுவலைக்குள்ளதான் தூங்குறா."

அந்தியில் வாசலில் விளையாடுகிறவளுக்கு வலை என்ன செய்யும்? இன்றே ரத்தம் பார்க்கச் சொன்னேன். நூல் விலைச் செய்தி அதற்கு மேல் ஓடவில்லை.

நவம்பர் 12, புதன்

மலேரியா. ஊர்ச் சுகாதாரப் பணியாளர், நீமா என்ற பெண், வீட்டுக்கே வந்து விரலில் ரத்தம் எடுத்துப் பார்த்தாராம். மூன்று நாள் மாத்திரை. முதல் வேளை வெறும் கஞ்சித் தண்ணீரோடு போயிருக்கிறது.

"பாலோட குடுக்கச் சொல்றாங்கப்பா. ஊர்லேர்ந்து அத்தை போன்ல வேணாங்கிறாங்க."

போன வருடம் தொப்பம்பட்டியில், சம்பந்தி வீட்டில், காய்ச்சலோடு பால் குடித்த அன்றுதான் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. அதிலிருந்து நந்தினிக்கும் பயம்.

தெரிந்த குழந்தை மருத்துவரிடம் கேட்டேன். "வலிப்பு சூட்டுல வந்தது சார், பாலால இல்ல. கொழுப்புச் சத்து இல்லாம இந்த மாத்திரை ஒடம்புல சரியா ஏறாது."

நந்தினியிடம் சொன்னேன். "மறுபடி இழுத்துச்சுன்னா அத்தைக்கு யாருப்பா பதில் சொல்றது?" வைத்துவிட்டாள்.

பையில் குடை, கண்ணாடி, சார்ஜர். தொப்பம்பட்டிக்குக் காலையில் முதல் பஸ். சம்பந்தி வீட்டோடு இதைப் போனில் பேச முடியாது. தூக்கம் இல்லை.

நவம்பர் 13, வியாழன்

மழை இல்லை. ஒட்டன்சத்திரத்தில் லாரி நெரிசல். பின் சீட்டில் ஒருவர்: "தக்காளிய ரோட்டுல கொட்டிட்டு வாரேன், போதுமா?" நல்ல செய்தி. எழுதிக்கொள்ளக் கை வரவில்லை.

தொப்பம்பட்டி. சம்பந்தியம்மா முருங்கைக்காய் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "ஏனுங்க சம்பந்தி, புள்ளைக்கு என்னங்க?"

மருத்துவர் சொன்னதைச் சொன்னேன்.

"என்ற மடியிலதானுங்க புள்ள இழுத்துச்சு. உங்க டாக்டரு பாக்குலீங்க."

உண்மை. அதை ஒப்புக்கொண்டேன். பிறகு, "சூட்டை ஈரத்துணியால தொடச்சுத் தொடச்சு எறக்கலாங்க. மாத்திரை ஏறலேன்னா ஒண்ணும் பண்ண முடியாது."

கை கழுவிவிட்டு வந்தார். "போனப் போடுங்க."

வீடியோவில் நந்தினி, பிள்ளை, பக்கத்தில் நீமா. பிள்ளையின் உதடு காய்ந்திருந்தது. "பாலோட குடு சாமி" என்றார் சம்பந்தியம்மா. மகிழ் குடித்தாள். உடனே பாலும் மாத்திரையும் அப்படியே வாந்தி.

நந்தினி என்னைப் பார்க்கவில்லை, அத்தையைத்தான் பார்த்தாள். நீமா இன்னொரு மாத்திரையை எடுத்துக் கரைக்க ஆரம்பித்தார்.

சம்பந்தியம்மா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"மறுக்கா குடு சாமி. பாலோடவே குடு. நான் போன வெக்க மாட்டேன்."