கதையில் விட்டுப்போன தண்ணீர்

மாரியம்மன் துணை

அன்பு மகள் ஆனந்திக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தச் சார்ஜா வெயிலில் அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். மழை விட்டபாடில்லை, தேயிலைக் கொழுந்து மட்டும் நன்றாக வருகிறது. போனில் சொல்லலாமென்று இரண்டு தடவை எடுத்தேன், உன் குரலைக் கேட்டதும் வேறு எதையோ பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், பொறுமையாகப் படி.

உன் கதை வந்த பத்திரிகை யூனியன் ஆபீசுக்கு வந்தது. உன் சின்ன வயதில் நடந்த ஸ்ட்ரைக்கில் கம்பெனிக்கு விலைபோன கருங்காலி என்று ஒருவரை எழுதியிருக்கிறாயே, பெயரை மாற்றினாய், நெற்றித் தழும்பை மாற்றினாயா? காலை மஸ்டரில் பேர் கூப்பிடுவதற்கு முன்னால் சத்தமாக வாசித்தார்கள், எல்லாரும் பக்கத்து வீட்டு வேதமுத்து அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மகள் ஞானஜோதிக்கு வருகிற புதன்கிழமை நிச்சயம். மாப்பிள்ளையின் அப்பா ஏசுரத்தினம் யூனியன்காரர், கருங்காலி வீட்டில் பெண் எடுத்துவிட்டு நான் யார் முகத்தில் முழிப்பது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தப் பிள்ளை மூன்று நாளாக வெளியே தலைகாட்டவில்லை.

கெட்டவன் முழுக்கக் கெட்டவனாக இருந்தால்தான் இந்தக் காலத்தில் அச்சில் போடுகிறார்கள் என்று நீ ஒருநாள் சொன்னாய். உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை, அந்தக் கதையை உனக்குச் சொல்லி வளர்த்தவளே நான்தான். நடந்ததைக் கேள். ஸ்ட்ரைக் பதினோராம் நாள் கம்பெனி மோட்டாரைப் பூட்டி லயத்து வீடுகளுக்குத் தண்ணீரை நிறுத்தியது. உனக்கு ஏழு வயது, ஓடைத் தண்ணீர் குடித்து வயிற்றோட்டத்தில் துவண்டு கிடந்தாய். மோட்டார் ஓட்டுகிறவர் வேதமுத்து அண்ணன், அவர் காலில் போய் விழுந்தேன். வேலைக்கு வந்ததாகக் கையெழுத்துப் போட்டால்தான் சாவி என்று மானேஜர் சொல்ல, அவர் போட்டார். எல்லா வீட்டுக்கும் தண்ணீர் வந்தது, அதை யூனியன் வாங்கிக் கொடுத்ததாகப் பேச்சாயிற்று. மறுநாள், அவரோடு பேசுகிறவர்களுக்குக் ஸ்ட்ரைக்குக்காக வைத்த கஞ்சித்தொட்டியில் கஞ்சி கிடையாது என்று யூனியன் கமிட்டி சொன்னது. உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? மற்றப் பெண்களோடு சேர்ந்து அவர் வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். கஞ்சி நின்றுவிடுமே என்ற அந்தப் பயத்தை உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டு, அவரைக் கெட்டவராக்கிவிட்டேன். அவரோ இத்தனை வருஷமும் என் பெயரை எடுக்கவே இல்லை.

நேற்று அவர் முன்னால் போய் நின்றேன். கதையை இரண்டு முறை படித்தாராம். “பிள்ள நல்லா எழுதியிருக்கும்மா. தண்ணிய மட்டும் விட்டுருச்சு” என்றார்.

நாளைக் காலை அதே மஸ்டரில் எல்லார் முன்னாலும் நான் சொல்லப் போகிறேன், ஏசுரத்தினத்தையும் வரச் சொல்லியிருக்கிறேன். கமிட்டியைப் பகைத்துக்கொண்டு இந்த லயத்தில் குடியிருக்க முடியுமா என்று அப்பா கேட்கிறார். முடியாமலும் போகலாம். நீயும் அந்தப் பத்திரிகைக்கு உண்மையை எழுது, என் பெயரைப் போட்டே எழுது, மறைக்காதே.

புதன்கிழமைக்குள் ஞானஜோதியிடம் போனில் பேசு. அம்மன் உன்னை ஒரு குறையுமில்லாமல் வைத்திருப்பாள். நேரத்துக்குச் சாப்பிடு, வெயில் நேரம், தண்ணீர் நிறையக் குடி.

இப்படிக்கு
மண் தூற்றிய கையால் எழுதும் உன் அம்மா
முருகேஸ்வரி