வாசல் வரை வந்த ஊதா

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். கப்பலில் நீ எப்படி இருக்கிறாய், அந்த இன்ஜின் அறைச் சூட்டை உடம்பு தாங்குகிறதா என்பதுதான் இங்கே ஓயாத பேச்சு. நடுக்கடலில் போன் எடுக்காது என்பதால் உன் அடுத்த துறைமுகத்து விலாசத்துக்கு இதை அனுப்புகிறேன். கைக்கு எப்போது வந்து சேருமோ.

எனக்குப் பெயிண்ட் வேலை தடையில்லாமல் கிடைக்கிறது. இப்போது ஒரு பள்ளிக்கூடம், கீழ்ச்சுவர் முழுக்க ஓதம், சுரண்டச் சுரண்ட உதிர்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, தைலம் தேய்த்தால் அதட்டுகிறாள், தேய்க்காவிட்டால் முனகுகிறாள். அது கிடக்கட்டும், நான் சொல்லவந்தது நீ கம்ப்யூட்டர் விளையாட்டில் கட்டிய வீட்டைப் பற்றி. அம்மாவுக்கு மஞ்சள் சுவர் வைத்த அறை, எனக்கு ஜன்னல் வைத்த அறை, உனக்கு மாடியில் கட்டிலோடு ஒன்று. வீட்ட பாத்துக்கோங்கப்பா, மிச்சத்த வந்து கட்டுறேன் என்று சொல்லிவிட்டுத்தானே கப்பலேறினாய். நானும் வேலை முடிந்து வந்ததும் முதல் காரியமாகத் திறந்து வைத்துவிடுவேன். உன் சாயலில் நீ செய்த பொம்மை, சிவப்புச் சட்டையும் குதிரைவால் சடையுமாக வாசலில் நிற்கும். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துவிடுவாள். நான் கம்ப்யூட்டரை அணைக்கப் போனால், அணைக்காதீங்க, பிள்ள கொஞ்ச நேரம் வீட்டுல இருக்கட்டும் என்பாள். நாங்கள் சாப்பிடும்போதும் நீ நிற்பாய், அவள் பாத்திரம் கழுவும்போதும் நிற்பாய்.

விளையாட்டில் அந்த வீட்டுக்கு மேற்கே ஒரு நிலம் இருக்குமே, புல்லெல்லாம் ஊதாவாகி முள் முளைத்த நிலம், அது வீட்டுப் பக்கம் நகரத் தொடங்கியது. கிளம்புவதற்கு முன் நீ பாதாளத்தில் ஒரு பூதத்தை ஜெயித்துவிட்டுக் குதித்தாயே, அதற்குப் பிறகுதான் இந்த வேகம். முன்பெல்லாம் புல்லில் ஊர்ந்தது இப்போது கல்லையும் மணலையும் தின்கிறது. ஓதம் ஏறுகிற சுவரையே பார்த்துப் பிழைக்கிறவனுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று குறுக்கே பள்ளம் வெட்டினேன். தாண்டி வந்தது. இன்னும் அகலமாக வெட்டினேன், அடியில் மண்ணுக்குள்ளேயே வந்தது. நீ அந்த வீட்டில் குடிவைத்த பொம்மைகளில் நர்ஸ் முதலில் போனாள், பிறகு வியாபாரி போனார். கெட்டுப்போன மண்ணில் அவர்கள் தங்க மாட்டார்களாம்.

கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவர் ஒருவர் இதை விளையாடுவார் என்று கேள்விப்பட்டுப் போய்க் கேட்டேன். சார், கேம் ஓடிட்டு இருந்தாத்தான் அது பரவும், மூடிட்டா ஒரு கட்டம்கூட நகராது, நீங்க ஏன் சும்மா திறந்து வெக்கிறீங்க என்று சிரித்தார். காவல் காக்கிறோம் என்று நாங்கள்தானம்மா அதற்குத் தீனி போட்டிருக்கிறோம். நீ பாத்துப் பாத்துத்தான் பிள்ளையோட வீடு போச்சு என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின்னால் இருந்த ஒயரைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது, இனி சரியாகாது என்று சொல்லிவிட்டேன். அம்மா நாற்காலியை எடுத்துச் சுவரோரம் போட்டாள்.

கடைசியாக மூடும்போது ஊதா வாசற்படி வரை வந்திருந்தது. உன்னை மாடிக்குக் கூட்டிப்போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு மூடினேன். இனி நீ வந்து திறக்கும்வரை இருப்பது இருக்கிறபடி இருக்கும். என்னால் ஆனது இவ்வளவுதான், நினைத்தால் அழுகை வருகிறது. சாயங்காலமானால் அம்மா என்ன செய்வதென்று தெரியாமல் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடக்கிறாள். நான் பேப்பரைப் பிடித்துக்கொண்டு படிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. ஓடுகிற இன்ஜின் பக்கத்தில் கவனம். கரைக்கு வந்து போன் பண்ணும்போது அம்மாவிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே, இதை மட்டும் மறந்துவிடாதே. எந்தக் கடலில் இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்கவேண்டும்.

உன் நினைவாகவே இருக்கும்
அப்பா

(உறையின் பின்பக்கம், வேறு கையெழுத்தில்)

கண்ணு, அம்மா எழுதுகிறேன். அப்பா உறையை ஒட்டிவிட்டார், அதனால் மேலேயே எழுதுகிறேன், தபாலில் நான்தான் போடப்போகிறேன். கம்ப்யூட்டர் கெடவே இல்லை, பின்னால் ஒயர் கழன்று கிடந்தது, அவ்வளவுதான். அதைக்கூடப் பார்க்கவில்லையா என்று கேட்டால் மனுஷர் குன்றிப்போவார், அதனால் சொல்லவில்லை. அவர் வேலைக்குப் போனதும் மாட்டிவிட்டு, திரும்பி வருவதற்குள் கழற்றிவிடுகிறேன். இப்போதெல்லாம் பகல் முழுக்க நீ என்னோடுதான் இருக்கிறாய். ஆனால் ஊதா உன் அறைக்குள் வந்துவிட்டது. தரையைத் துளைத்துக்கொண்டு ஒரு புழு வந்து உன்னைக் கடிக்கிறது, நீ விழுந்துவிடுகிறாய், கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் எழுந்து நிற்கிறாய், அது திரும்பவும் வருகிறது. எனக்குத் திறக்க மட்டும்தான் தெரியும். உன்னைக் கொஞ்சம் தள்ளி நிறுத்த எந்தப் பட்டனை அழுத்தவேண்டும் என்று எழுது.