முன்கம்பில் என்னோடு தோள் கொடுத்தவனுக்கு

நேற்றோடு சந்தியாகப்பர் திருவிழா முடிந்தது. இன்று காலை என் சட்டையைத் துவைக்க எடுத்த வீட்டுக்காரி அதை முற்றத்தில் உதறினாள். காலர் மடிப்பிலிருந்து நாலைந்து மிளகும் உப்புக் கல்லும் தெறித்து விழுந்தன. "வருசா வருசம் இதே கூத்துதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே பெருக்கித் தள்ளினாள். காலில் மிதிபட்ட மிளகின் வாசம் வந்தது. அதற்குப் பிறகு எனக்கு வேறு எதிலும் மனசு ஓடவில்லை. நீ போய் ஆறு மாதம் ஆகிறது, இதைப் படிக்கப் போவதில்லை. நீ இருந்தபோது எழுத எனக்குத் துப்பில்லை, இப்போது எழுதுகிறேன்.

தோள் உயரம் பார்த்துத்தான் சப்பரம் தூக்க ஆள் பிரிப்பார்கள். அப்படித்தான் முன்கம்பில் நானும் எனக்கு அடுத்து நீயுமாக நின்றோம். மற்ற நாளில் நீ வாழைத்தார் லோடு ஏற்றுகிறவன், நான் தாலுகா ஆபீஸ் கிளார்க்கு. ஆற்றுப் பாலத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்துக்கொண்டால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். ஆடிக் காற்றில் கொடி ஏறிவிட்டால் அந்தப் பத்து நாளும் நீ வேறு ஆள். வருஷம் முழுக்கக் குடிப்பவன், அந்தப் பத்து நாளும் சொட்டுக்கூடத் தொடமாட்டாய். பத்தாம் நாளோ விடிந்ததிலிருந்து சப்பரம் இறங்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாய். "மத்த நாளு என் இஷ்டம் வே. இந்தப் பத்து நாளு அவருக்கு" என்பாய். நானோ வீட்டில் ரகசியமாக ரெண்டு இட்லி விழுங்கிவிட்டுத்தான் வருவேன்.

ஒன்பது வருஷத்துக்கு முந்தின அந்தத் திருவிழாவில் காற்று பேய் மாதிரி வீசியது. நாலு மணிப் பூசை முடிந்து சப்பரம் நாற்சந்திக்கு வந்தது. நேர்ச்சைக்காக ஒரு பெண் உப்பையும் மிளகையும் கை நிறைய அள்ளிச் சப்பரத்தின்மேல் வீசினாள். காற்று அதை அப்படியே திருப்பி என் முகத்தில் அடித்தது. கண் எரிந்த எரிச்சலில் கம்பை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினேன். தோளும் குனிந்துவிட்டது. என் பாரமும் சேர்ந்து உன்மேல் இறங்கியது. நீ ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றித் தாங்கினாய். நீ தாங்கியிராவிட்டால் சப்பரமே சாய்ந்திருக்கும். ஆனாலும் சந்தியாகப்பர் சொரூபத்தின் வலது கை கரண்டு கம்பத்தில் மோதி மணிக்கட்டோடு ஒடிந்து விழுந்தது.

பெண்கள் அலறினார்கள். கமிட்டித் தலைவர் ஓடி வந்தார். முழங்காலில் கிடந்த உன்னைப் பார்த்தார், சட்டை கசங்காமல் நின்ற என்னைப் பார்த்தார். அவருக்கு அதுவே போதுமாயிருந்தது. "குடிச்சிட்டு வந்து தோள் குடுத்திருக்கான், பாருங்க. சாமி கையவே ஒடிச்சிட்டான். இனிமே இவன் கம்பத் தொடக்கூடாது" என்றார். உன் உதடு வெடித்து வெளுத்திருந்தது. காலையிலிருந்து தண்ணீர் படாத உதடு. நீ என்னைப் பார்த்தாய். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தேன். எரிச்சல் நின்ற பிறகும் கசக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

"சரி அண்ணாச்சி, தொட மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாய்.

மறுநாள் படித்துறையில் உன்னிடம் வந்து, "நான் போயி உள்ளதச் சொல்லிரட்டா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லமாட்டாயா என்ற ஆசையில் கேட்டதுதான், ஒளிப்பானேன். நீ துண்டைப் பிழிந்துகொண்டே, "சொன்னா உம்மையும் தூக்க விடமாட்டானுவ. ஒருத்தன் போறது காணாதா? பேசாம இரும் வே" என்றாய். நானும் பேசாமல் இருந்தேன். எவ்வளவு ஒழுங்காகச் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறேன், பார்.

அதன்பிறகு எட்டுத் திருவிழா. நீ நோன்பை விடவில்லை. தெருவில் விழுந்து விழுந்து எழுந்து கும்பிடுசேவை செய்கிறவர்களோடு சப்பரத்துக்குப் பின்னால் நடந்து வந்தாய். சப்பரம் இறங்கியதும் எனக்கு ஒரு சோடா உடைத்துக்கொண்டு வந்து, "தோளு வலிக்கா?" என்று கேட்பாய். நான் வெட்கமில்லாமல் வாங்கிக் குடிப்பேன். உன் இடத்துக்கு வந்த பையன் குட்டை. பாரமெல்லாம் என் தோளில்தான் இறங்கியது. அதை உன்னிடமே குறையாகச் சொல்லியிருக்கிறேன், அட பாவி நான்.

தை மாதம் லாரியில் தார் ஏற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். பாளையங்கோட்டை போவதற்குள் முடிந்துவிட்டது.

இந்த வருஷம் கொடியேற்றத்துக்கு முந்தின கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். கம்பை விட்டது நான்தான், அவன் அன்றைக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று சொன்னேன். உன்னை விலக்கிய அதே தலைவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "அதுக்கென்ன வே இப்ப? கைய ஒட்டிப் பெயிண்டும் அடிச்சாச்சு. ஆளும் போயிட்டான். அசனச் சோத்துக்கு அரிசி எத்தன மூட்டை போடணும், அதச் சொல்லும்" என்றார். எல்லாரும் அரிசிக்குப் போய்விட்டார்கள். உன் மானத்துக்கு இரண்டு நிமிஷம்கூடச் செலவாகவில்லை. எனக்கு வந்த கோபத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே வந்தேன். கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்பது தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

நேற்று முன்கம்புக்குக் கூப்பிட்டார்கள். முதுகுவலி என்று சொல்லிவிட்டேன், பொய்தான். சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், நீ நடந்த இடத்தில் நடந்தேன்.

முன்னால் நிற்கும்வரை எனக்குத் தெரியாது லே. சரிகையும் ரோஜாவும் முன்பக்கத்துக்கு மட்டும்தான். பின்னால் வெறும் பலகை, ஆணி, கட்டுக்கயிறு. ஒவ்வொரு தெரு முக்கிலும் சப்பரத்தைத் திருப்பி அந்தத் தெருக்காரர்களுக்குச் சந்தியாகப்பரின் முகத்தைக் காட்டுகிறார்கள். அவர் திரும்பும்போதெல்லாம் பின்னால் வருகிறவர்களும் சேர்ந்து சுற்றவேண்டியிருக்கிறது. நாலு தெரு நடந்தும் ஒரு தடவைகூட அவர் முகம் தெரியவில்லை. எட்டு வருஷமும் நீ பார்த்தது இந்தப் பலகையைத்தானா?

எனக்கு ஒரு வருஷம் முடிந்திருக்கிறது. இன்னும் ஏழு இருக்கிறது.