இருக்கையின் நடுவில்

2006 ஜூலை, செவ்வாய்

என் நிரல் முழுவதும் தவறில்லை. பேருந்து முன்பதிவுப் பக்கத்தில் எந்த இருக்கையில் கிளிக் செய்தாலும், எல்லா இருக்கைகளையும் சுற்றியுள்ள ஒரே வெளிச்சட்டம் அதைக் கவனித்து, அந்த இருக்கையைப் பச்சையாக்க வேண்டும். நான் கிளிக் செய்தால் பச்சையாயிற்று. சோதித்துப் பார்க்கும் ஷீபா அக்கா செய்தால் ஒன்றும் ஆகவில்லை. இன்றே சரியாகாவிட்டால் இந்தப் பக்கத்தின் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

“எட்டி, நீ ஓரத்துலயே குத்துனா எப்பிடி? சீட்டுன்னா நடுவுலல்லா இருப்பாவ,” என்றாள் அக்கா.

திரையில் ஒவ்வொரு இருக்கையின் நடுவிலும் அதன் எண் இருந்தது. அக்காவின் கிளிக் எண்ணின் மேல் விழுந்திருக்கிறது. இருக்கையை மட்டும் எதிர்பார்த்த என் நிரல் அதைத் தள்ளிவிட்டது. கிளிக் எண்ணில் விழுந்தாலும், அதைச் சுற்றியுள்ள இருக்கையைத் தேடிப் பிடிக்கும்படி மாற்றினேன். அக்கா குத்தினாள். பச்சை. ஒவ்வொன்றாகக் குத்த, வரிசை முழுக்கப் பச்சை.

“போதும்க்கா, வண்டி நிறைஞ்சாச்சு.”

பக்கத்தின் வேலை என்னிடமே இருக்கிறது. அலுவலகம் இருக்கும் கழக்கூட்டத்திலிருந்து திரும்பும் பேருந்தில் பக்கத்து இடம் காலி. ஓரத்தில் ஒடுங்காமல் நடுவில் உட்கார்ந்து வலியசாலை வீட்டுக்கு வந்தேன்.