கார்த்திகையில் மாம்பழம்

கார்த்திகை 6, திருப்பதி.

என் நாத்தனார் தேவிக்கு இது மூன்றாம் மாதம். இரண்டு நாளாகத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. இன்று மாலைக்குள் எதுவும் தங்காவிட்டால் டிரிப் ஏற்ற வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். காலையில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், மாம்பழம்.

என் வீட்டுக்காரர் தங்கைக்காக மார்க்கெட் முழுக்க அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். "'இப்புடு மாமிடி பண்டா?'ன்னு சிரிக்கிறாங்க, இந்த மாசத்துல மாம்பழமாம்" என்றார்.

அப்போதுதான் ஃப்ரீசர் நினைவுக்கு வந்தது. ஜூனில் பங்கனப்பள்ளியைக் கூழாக்கிச் சின்ன டப்பாக்களில் வைத்திருந்தேன். "ஐஸ்ல வெச்சத யாரு துன்னுவாங்க அண்ணி?" என்று அன்று சிரித்தவளே தேவிதான். எனக்கும் பயம் இருந்தது. அதே ஃப்ரீசரில் வைத்த தயிர் திரிந்து நீர்த்துப் போயிருந்ததே. ஒரு டப்பாவை எடுத்து உருகுவதற்காக ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். மதியம் திறந்தபோது வாசனை அப்படியே இருந்தது.

தேவி ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள். பிறகு டப்பாவையே வாங்கிக்கொண்டாள். நாங்கள் இருவரும் எதிரே உட்கார்ந்து அரைமணி நேரம் அசையவில்லை.

"இன்னாத்துக்கு என் வாயையே பாத்துக்கினு கீறீங்க? ஒண்ணும் வராது, போய் வேலையப் பாருங்க" என்றாள்.

சாயங்காலம் ரசம் சாதமும் தங்கியது. டாக்டரம்மாவுக்குப் போன் செய்து சொன்னோம். டிரிப் வேண்டாம் என்றார்.

இன்னும் இரண்டு டப்பாதான் இருக்கிறது. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஃப்ரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்கிறது. தேவிதான். நான் எழுந்து போகப் போவதில்லை.