கெட்டிமேளத்துக்குப் பழகிய விரல்

செப்டெம்பர் 13, திங்கள், 93
தூறல். கலியாண அல்பம் ஒட்டும் வேலை பாதியில்.
இல்ஃபோர்ட் உள்ளூர்ப் பத்திரிகையில் படங்களைத் தெரிவு செய்யும் கீத் போன் எடுத்தார். கலியாணப் படங்கள் வடிவாம். ஆனால் ஓடுகிற ஆளை எடுக்கத் தெரியுமா? நல்ல விளையாட்டுப் படம் ஒன்று கொண்டுவந்தால் வேலை தருவதைப் பற்றிப் பார்ப்போமாம். பார்ப்போமாம்!
இந்தச் சனியும் ஞாயிறும் கிரிக்கெட் மைதானத்தில் அமெரிக்காவின் தொழில்முறை ஆட்டக்காரர் பேஸ்போல் ஆடுகிறார்கள். இரண்டு நாளும் போகிறேன். மணவறையைச் சுற்றியது போதும்.
என் மனிசன் ஷிப்டுக்கு வெளிக்கிட்டபடி, "எங்கட ஊர் எல்லே விளையாட்டு மாதிரித்தானே? அதுக்கேன் இந்தத் துள்ளல்?"
"நீங்கள் போய்ப் பெற்றோல் அடியுங்கோ."

15, புதன்
வெயில்! வலக்கைக்காரன் அடிக்கும்போது முகம், அடித்ததும் ஓடிப்போய்த் தொடும் முதலாம் பேஸ் பக்கம் இருக்குமாம், நூலகப் புத்தகத்தில் பார்த்தது. அந்தப் பக்க இருக்கைதான் வேண்டும். டிக்கெட்காரனைப் போனில் கேட்டால், புல்லில் கோடே இன்னும் போடவில்லை, எந்தப் பக்கமென்று தெரியாது என்கிறான். நேரே போனேன். புல் வெட்டுகிறவர் பேஸ் வரும் பக்கத்தைக் கையை நீட்டிக் காட்டினார். எட்டாம் வரிசை, ஓர இருக்கை வாங்கினேன். முன்னால் எழும்பினாலும் பக்கத்தால் சரிந்து எடுக்கலாம்.
லென்ஸ்: கிட்ட எடுக்கும் 50 மி.மீ. வீட்டில் கிடக்கட்டும். தூரத்துக்கு என் 200. என்னோடு கலியாணப் படம் எடுக்கும் குகன் அண்ணையின் 300, இரவல். அம்மிக்கல் கனம். வேகமான 400 பிலிம். ஒற்றைக்கால் தாங்கி.
பஸ் தூரத்தில் எட்மண்டனில் இருக்கும் பரமேஸ் அன்ரி போன், மகள் பெரியபிள்ளையாகிவிட்டாளாம். "ஞாயிறு சுகியின்ர சாமத்திய வீடு. நீ வருவாய் எண்டு வேற ஒருத்தரையும் பிடிக்கேல்லை."
"ஏலாது அன்ரி. குகன் அண்ணையைக் கேளுங்கோ."
"எங்களை விட்டுட்டுப் பந்தடி பாக்கப் போறியோ?"
"பாக்க இல்லை அன்ரி, படமெடுக்க."
டொக்கென்று வைத்துவிட்டா. சொன்னது சொன்னதுதான்.

18, சனி
மூட்டம். இருக்கை சரி, லென்ஸ் சரி. வந்து குளியலறையை இருட்டாக்கிப் பிலிம் கழுவினால் ஒன்றிலும் பந்து இல்லை! மட்டை சுழன்று முடிந்துவிட்டது, எல்லாரும் வானத்தைப் பார்க்கிறார்கள். அழுகை வந்தது.
பிறகுதான் பிடிபட்டது. கெட்டிமேளம்! மேளம் உச்சத்துக்குப் போனதும் விரல் தானாக அமத்தும். அங்கே மாப்பிள்ளை தாலிக்கொடியைப் பூட்டத் தடுமாறிக்கொண்டு நிற்பார், நேரம் கிடக்கும். இங்கே மட்டைச் சத்தம் கேட்டு அமத்தினால் முகூர்த்தம் தப்பிவிட்டது. மடைச்சி!

19, ஞாயிறு
காற்று. இரண்டு காதிலும் பஞ்சு. பக்கத்து மனிசி ஒரு மாதிரிப் பார்த்தா. பார்க்கட்டும். அடிப்பவனின் முன்கால் எழும்பியதும் அமத்து. 300 கனத்தில் கை பிந்துகிறது, கழற்றிவிட்டு 200. ஆள் சின்னதாக விழுந்தாலும் பரவாயில்லை.
இந்நேரம் சுகிக்குத் தண்ணீர் வார்த்திருப்பார்கள். கவலைதான். அடுத்தவன் மட்டையோடு வந்தான், கமெராவைத் தூக்கினேன்.

20, திங்கள்
மழை. கீத் பூதக்கண்ணாடியை ஒரே நெகட்டிவில் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார். பந்து மட்டையில் பட்டபடி, அடிப்பவனின் பல்லெல்லாம் தெரிகிறது.
அதிர்ஷ்டமா என்று கேட்டார்.
அதே மாதிரிப் பந்து பட்டபடி இன்னும் இரண்டை நீட்டினேன்.
வாற சனி உதைபந்தாட்டம், சேறும் மழையுமாக இருக்கும், போவீர்களா என்றார்.
"ஓம், ஓம்!" தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கியது.